சுங்கத்தில் மாட்டிய பறவை

1926 அக்டோபரில், பிரான்சிலிருந்து வந்த 'பாரிஸ்' என்ற கப்பலில் சில பெட்டிகள் நியூயார்க்கில் இறங்கின. கூடவே வந்தவர் மார்செல் துஷாம், அப்போதே பெயர் பெற்ற கலைஞர். ஒரு கண்காட்சிக்கான சிற்பங்கள் என்று சொன்னார்கள். பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரிகள் விழித்தார்கள். நாலரை அடி உயரத்தில் வெண்கலத்தால் ஆன ஒரு சாமான். கண்ணாடி போலத் தேய்த்து வைத்திருக்கிறது. அடியில் ஒடுங்கி, நடுவில் மெதுவாகப் புடைத்து, மேலே போகப் போக மெலிந்து, உச்சியில் சாய்வாகச் சீவிவிட்ட மாதிரி முடிகிறது. தலையும் இல்லை, அலகும் இல்லை, இறகும் இல்லை. காகிதத்தில் மட்டும் 'பறவை' என்று எழுதியிருக்கிறது.

அமெரிக்கச் சட்டப்படி கலைப்படைப்புக்கு இறக்குமதி வரி கிடையாது. உலோகத்தில் செய்த சாதாரணச் சரக்கு என்றால் 40 சதவீதம் வரி. அதிகாரிகள் இதைச் 'சமையலறைச் சாமான்களும் மருத்துவமனைப் பொருள்களும்' என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டு, பிணையின் பேரில் வெளியே விட்டார்கள். அப்புறம் 600 டாலர் விலைக்கு 240 டாலர் வரி கட்டு என்றார்கள்.

அதிகாரிகளைக் கேலி செய்வது சுலபம். நூறு வருஷமாக எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு வந்த சந்தேகம் நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. நவீன சிற்பத்தின் முன்னால் நின்று, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத குரலில் "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுக்கொள்கிற யாருக்கும் வருவதுதான் அது. நவீன சிற்பம் என்றால் என்ன என்று புத்தக வரையறையிலிருந்து தொடங்கினால் பாதியில் தூக்கம் வந்துவிடும். அந்தப் பறவையைச் செய்தவரின் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

அவர் பெயர் கான்ஸ்டான்டின் பிரான்குஷி. ருமேனியர்கள் கடைசி இகரத்தை விழுங்கி 'பிரங்கூஷ்' என்பார்கள். உலகம் பழகிவிட்டபடியே பிரான்குஷி என்று வைத்துக்கொள்வோம்.

1876 பிப்ரவரி 19 அன்று, ருமேனியாவில் கார்பாத்திய மலையடிவாரத்தில் ஹோபித்சா என்ற சிற்றூரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சின்ன வயதில் ஆடு மேய்த்தார், பலமுறை வீட்டைவிட்டு ஓடினார். அந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டுத் தூண், வாசற்கதவு, கல்லறையில் நடும் கம்பம் எல்லாமே மரத்தில் செதுக்கியவை. முக்கோணமும் சாய்சதுரமும் மாறி மாறி வரும் அலங்காரம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். கிராயோவா நகரத்தில் மதுக்கடையில் எடுபிடியாக இருந்தபோது, பழப்பெட்டிப் பலகையிலிருந்து வயலின் ஒன்று செய்தாராம். கைத்திறனைப் பார்த்தவர்கள் அவரை அந்த ஊர்த் தொழிற்கலைப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே முடித்து, 1898ல் புக்காரெஸ்ட் நுண்கலைப் பள்ளிக்குப் போனார்.

அங்கே அவர் படித்ததில் ஒன்றைச் சொல்ல வேண்டும். உடற்கூறியல் மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில், தோலை உரித்துவிட்டால் மனித உடல் எப்படி இருக்குமோ அப்படி ஒரு முழு உருவம் செய்தார். ஒவ்வொரு தசையும் நரம்பும் அதனதன் இடத்தில். மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் அளவுக்குத் துல்லியம். 'ஒழுங்காகச் செய்யத் தெரியாதவன்தான் இப்படி மொழுக்கென்று செய்வான்' என்று பின்னாளில் சொன்னவர்கள் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

1903ல் பாரிஸுக்குக் கிளம்பினார், வழியின் பெரும்பகுதி நடந்தே. மியூனிக்கில் கொஞ்ச காலம் தங்கி, சுவிட்சர்லாந்து வழியாகப் போய், பிரான்சின் கிழக்கு ஓரத்தில் நிமோனியா வந்து படுத்து, கடைசித் தூரத்தை மட்டும் ரயிலில் கடந்து 1904ல் போய்ச் சேர்ந்தார். உணவகத்தில் பாத்திரம் கழுவினார். ருமேனிய தேவாலயத்தில் பாடினார். நுண்கலைக் கல்லூரியில் சேர்ந்தார். 1907ல், அன்றைய ஐரோப்பாவின் மிகப் பெரிய சிற்பி ஒகுஸ்த் ரொடானின் பட்டறையில் இடம் கிடைத்தது. ஓரிரு மாதத்தில் வெளியே வந்துவிட்டார். பெரிய மரத்தின் நிழலில் எதுவும் வளராது என்று காரணம் சொன்னார்.

எல்லாரும் இந்த வரியை மேற்கோள் காட்டிவிட்டுக் கடந்துபோய்விடுவார்கள். ஆனால் அந்தப் பட்டறையில் வேலை எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் அவர் எதிலிருந்து விலகினார் என்பது புரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிற்பி பெரும்பாலும் கல்லைத் தொடவே மாட்டார். அவர் வேலை களிமண்ணோடு. மண்ணைப் பிடித்து, வழித்து, ஒட்டி, பிடிக்கவில்லை என்றால் பிசைந்து மறுபடி தொடங்கி உருவத்தைக் கொண்டுவருவார். அதை உதவியாளர்கள் அச்செடுத்துப் பிளாஸ்டரில் வார்ப்பார்கள். பளிங்கில் வேண்டும் என்றால் கல்தச்சர்கள் வருவார்கள். பிளாஸ்டர் மாதிரியின் மேல் புள்ளி புள்ளியாக ஆழம் அளக்கும் கருவி ஒன்றை வைத்து, அதே அளவுக்குக் கல்லில் துளை போட்டு, அந்தத் துளை வரைக்கும் செதுக்கிக்கொண்டே போவார்கள். வேண்டுமானால் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், நாலு பிரதி எடுக்கலாம். வெண்கலம் என்றால் வார்ப்புப் பட்டறை பார்த்துக்கொள்ளும். ரொடானின் புகழ்பெற்ற பளிங்குச் சிற்பங்களும் இப்படி மற்றவர்கள் கையால் வெட்டப்பட்டவைதான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அன்றைய தொழில்முறை அது. ஆனால் இந்த முறையில் உருவம் மண்ணில் பிறந்து கல்லுக்குக் குடிபெயர்கிறது. கல் கல்லாக இருப்பதற்கு மதிப்பே இல்லை. மண்ணில் இருந்த விரல் தடத்தைக்கூடப் பளிங்கு பாவனை செய்ய வேண்டியிருக்கிறது.

பிரான்குஷி இந்த வரிசையைக் குறுக்கே வெட்டினார். மண் மாதிரி இல்லை, புள்ளிக் கருவி இல்லை, தச்சர் இல்லை. ஒரு கல், ஓர் உளி, ஒரு சுத்தியல். இதற்கு நேரடிச் செதுக்கல் என்று பெயர். இது அவர் கண்டுபிடித்த முறை இல்லை. சரியாகச் சொன்னால் கல்லில் வேலை செய்த பழங்காலத்தவர் எல்லோரும் செய்ததுதான். ஓவியர்களான பால் கொகேன் அவருக்கு முன்பே மரத்திலும், ஆந்த்ரே தெரேன் அவர் காலத்திலேயே கல்லிலும் முயன்றிருக்கிறார்கள். ஆனால் அதை ஒரு வாழ்நாள் முழுக்கக் கொண்டுபோய், அதிலிருந்து வேறொரு சிற்பக்கலையை வரவழைத்தவர் இவர்.

மண்ணுக்கும் கல்லுக்கும் என்ன வித்தியாசம்? மண்ணில் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு வந்தால், உருட்டிவிட்டு மறுபடி பிடிக்கலாம். கல்லில் பிடிப்பது என்ற பேச்சே இல்லை, கழிப்பது மட்டும்தான். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் கல் எப்படிப்பட்டது, எங்கே உடையும், எது வரை போகலாம் என்பதெல்லாம் உருவத்தைத் தீர்மானிக்க ஆரம்பிக்கும். செதுக்குகிறவர் கல்லோடு பேரம் பேசிக்கொண்டே போக வேண்டும்.

இந்தப் பேரத்தைக் கண்ணால் பார்க்க ஒரே பெயருள்ள இரண்டு சிற்பங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டின் பெயரும் 'முத்தம்'.

ரொடானின் முத்தம், ஆளைவிடப் பெரிய பளிங்கு. பாறை மேல் உட்கார்ந்த ஆணும் பெண்ணும். முதுகு வளைவு, தோள் தசை, அவன் கை அவள் தொடையில் படும் இடம் என்று உயிருள்ள உடம்பு மாதிரியே இருக்கும். பார்த்தவுடனே அது கல் என்பது மறந்துவிடும். மறக்க வைப்பதுதான் அதன் சாமர்த்தியம்.

பிரான்குஷி 1907-08ல் செய்த முத்தம் ஓர் அடிகூட இல்லை, 28 சென்டிமீட்டர். சுண்ணாம்புக் கல். இப்போது கிராயோவா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு செங்கல்லை நிறுத்தி வைத்தது போன்ற கட்டி. நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். இருவரின் கைகளும் பட்டையாக, கல்லின் முகப்பைவிட்டு அதிகம் துருத்தாமல், ஒருவரை ஒருவர் சுற்றிக்கொள்கின்றன. அவள் கூந்தல் சில அலைக்கோடுகள். கண்ணைக் கவனியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் இருவருக்கும் ஆளுக்குப் பாதிக் கண். இரண்டு பாதியும் ஒட்டி ஒரே கண்ணாகிவிடுகிறது. உதடும் அப்படியே. இருவரையும் பிரிக்க வேண்டும் என்றால் கல்லைத்தான் உடைக்க வேண்டும். தழுவல் என்பதை ரொடான் இரண்டு உடம்பை வைத்துச் சொன்னார். இவர், ஒரே கல்லாக இருப்பதை வைத்தே சொல்லிவிட்டார். உளித் தடத்தைக்கூட மறைக்கவில்லை. கடைசிவரை அது கல்தான்.

'இது எதைப் போல இருக்கிறது?' என்று பழைய சிற்பத்தைக் கேட்கலாம், அது பதில் சொல்லும். நவீன சிற்பத்திடம் 'நீ எப்படி ஆனாய்? உன்னிடமிருந்து எதையெல்லாம் எடுத்தார்கள்?' என்று கேட்டால்தான் பேசும். எல்லா நவீன சிற்பத்துக்கும் இந்தச் சாவி பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பிரான்குஷியின் வழியில் வந்தவற்றுக்குப் பெரும்பாலும் பொருந்துகிறது.

எடுப்பதை அவர் எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்பதற்கு 'உறங்கும் தேவதை' என்ற தலையைச் சொல்லலாம். 1910ல் செய்தது. அதுவரை ஐரோப்பாவில் தலை என்றால் கழுத்து, மார்பு, அடியில் பீடம் என்று நிமிர்ந்து நிற்கும். இவர் கழுத்தை எடுத்துவிட்டு, தலையைப் பக்கவாட்டில் கிடத்திவிட்டார். முட்டை மாதிரி ஒரு நீள்வட்டம். மூக்குத் தண்டு, மூடிய இமை, சின்ன வாய் எல்லாம் பலபேர் கை மாறித் தேய்ந்த காசில் தெரியும் முகம் போல, இருக்கிறதா இல்லையா என்ற அளவில். அதற்கு மாதிரியாக உட்கார்ந்தவர் நிஜமான ஒரு சீமாட்டி. சில வருஷத்தில் அந்தத் தலை இன்னும் உருகி, 'பிறந்த குழந்தை' ஆகி, கடைசியில் கண் மூக்கு எதுவும் இல்லாத வெறும் முட்டையாகி, 'உலகத்தின் தொடக்கம்' என்ற பெயரை வாங்கிக்கொண்டது. கடைசியாக வந்த முட்டையை மட்டும் பார்த்தால் சிரிப்பு வரும். தலை படிப்படியாக முட்டையான கதையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் வராது.

சிரித்தவர்கள் நிறைய. 1913ல் அமெரிக்காவுக்கு ஐரோப்பிய நவீனக் கலையை அறிமுகப்படுத்திய நியூயார்க் ஆர்மரி கண்காட்சியில் அவருடைய 'செல்வி போகானி' இருந்தது. ஒரு ஹங்கேரிய ஓவியையின் தலை, பெரிய வாதுமைக் கண்களோடு. சர்க்கரைக் கட்டி மேல் நிறுத்திய அவித்த முட்டை என்று பத்திரிகையில் எழுதினார்கள். வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார்கள், மறுக்க மாட்டேன்.

சரி, பறவைக்கு வருவோம்.

அது ஒரே நாளில் அப்படி ஆகவில்லை. 1910 வாக்கில் அவர் செய்த முதல் பறவையின் பெயர் 'மயாஸ்த்ரா'. ருமேனிய நாட்டார் கதைகளில் வரும் மாயப் பறவை. அதற்கு உருண்ட மார்பு உண்டு, திறந்த அலகு உண்டு, கால் உண்டு. பறவை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். பத்து வருஷம் கழித்து வந்த 'தங்கப் பறவை'யில் கால் ஒடுங்குகிறது, அலகு வெறும் வெட்டாகிறது. 1923ல் 'வானவெளியில் பறவை' வரிசை தொடங்குகிறது. மார்பு நீண்டு நீண்டு ஒரே வளைகோடாகிவிட்டது. உச்சியில் உள்ள சாய்வான வெட்டு, ஒரு காலத்தில் திறந்த வாயாக இருந்தது. அடியில் உள்ள சின்னக் கூம்பு, ஒரு காலத்தில் வாலும் காலும். இந்த வரிசையில் மட்டும் பளிங்கில் ஏழும் வெண்கலத்தில் ஒன்பதும் செய்தார். பறவையைக் காட்டுவது தன் நோக்கம் இல்லை, பறத்தலைத்தான் என்பார்.

அதன் படத்தை முதன்முதலில் பார்த்தபோது, ஏதோ விமானத்தின் சுழலியிலிருந்து ஒடிந்த துண்டு என்று நினைத்தேன். அது பெரிய தப்பில்லை என்று பிறகு தெரிந்தது. 1912ல் பிரான்குஷி, துஷாம், ஓவியர் லெஜே மூவரும் பாரிஸ் விமானக் கண்காட்சிக்குப் போனார்கள். அங்கிருந்த சுழலியைப் பார்த்துவிட்டு துஷாம் சொன்னாராம்: ஓவியத்தின் கதை முடிந்தது, இதைவிட நன்றாக யார் செய்ய முடியும்?

நியூயார்க்கில் மாட்டிய பறவையை வாங்கியிருந்தவர் எட்வர்ட் ஸ்டைக்கன், புகைப்படக் கலைஞர். வரியைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார்கள். செலவை ஏற்றவர் பணக்காரச் சிற்பி கெர்ட்ரூட் விட்னி. வழக்கின் பெயர் பிரான்குஷி எதிர் அமெரிக்கா. அதற்கு முன் 1916ல் வந்த ஒரு தீர்ப்பு, இயற்கையில் உள்ள பொருள்களை அவற்றின் அளவிலும் வடிவிலும் போலச் செய்வதே சிற்பம் என்று சொல்லியிருந்தது. அதன்படி பார்த்தால் பறவை தோற்றுவிட்டது. சுங்கத்துறை கருத்துக் கேட்ட கலையுலகப் பெரிய மனிதர்களில் ஒருவர், "இது கலை என்றால் இனிமேல் நான் கொத்தனார்" என்றாராம். பார்ப்பவர் கற்பனைக்கே எல்லாவற்றையும் விட்டுவிட்டார் பிரான்குஷி என்பது அவர்கள் பொதுக் கருத்து. குற்றச்சாட்டாகச் சொன்னார்கள். எனக்கு அது பாராட்டாகவே கேட்கிறது.

1927 அக்டோபரில் சாட்சி விசாரணை. பறவையை நீதிமன்றத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். இதை ஏன் பறவை என்கிறீர்கள், பறவை மாதிரி இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். பறவை மாதிரி இல்லை, ஆனால் பறவை என்று உணர்கிறேன் என்றார் ஸ்டைக்கன். காட்டில் இதைப் பார்த்திருந்தால் சுட்டிருப்பீர்களா என்று அடுத்த கேள்வி. மாட்டேன் என்று ஒப்புக்கொண்டார். சிற்பி ஜேக்கப் எப்ஸ்டீன் வந்தபோது கையோடு எகிப்தியக் கல் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆயிரக்கணக்கான வருஷப் பழமையான பருந்து. அதிலும் இறகு இல்லை, கால் இல்லை. நல்ல மெக்கானிக் ஒருவர் ஒரு பித்தளைத் தண்டைத் தேய்த்து இதைச் செய்துவிட முடியாதா என்று அவரைக் கேட்டார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கலாம், மனத்தில் கருக்கொள்ள முடியாது என்றார்.

என்னைக் கேட்டால், வழக்கின் உயிரான பகுதி நீதிமன்றத்தில் நடக்கவில்லை. பிரான்குஷி பாரிஸிலிருந்தபடியே எழுத்தில் கொடுத்த வாக்குமூலம் அது. தத்துவம் ஒன்றும் பேசவில்லை, வேலையைச் சொன்னார். பிளாஸ்டரில் மாதிரி செய்து, வெண்கலத்துக்கு எந்த உலோகம் எவ்வளவு என்ற கலவைக் கணக்கோடு வார்ப்பவரிடம் கொடுத்தேன். வார்ப்பு முரடாகத் திரும்பி வந்தது. காற்றுத் துளைகளை அடைத்தேன், பழுதுகளைச் சரிசெய்தேன். பிறகு அரத்தாலும் மிக நைசான உப்புத்தாளாலும் தேய்த்தேன். எல்லாம் என் கையால். அது வேலையை முதலிலிருந்து மறுபடி தொடங்குவதற்குச் சமம். வேறு யாரையும் தொடவிடவில்லை. ஏறக்குறைய இதுதான் வாக்குமூலம்.

வெண்கலம் வார்ப்புதானே, இதில் நேரடிச் செதுக்கல் எங்கே என்று கேட்டால் பதில் இங்கே இருக்கிறது. கல்லில் உளி செய்ததை உலோகத்தில் அரம் செய்கிறது. ஓர் இழை அதிகமாகத் தேய்த்தால் வளைவு கெட்டது. அதனால் ஒரே மாதிரி தெரியும் பறவைகள் அளந்து பார்த்தால் ஒன்றுபோல் ஒன்று இல்லை. கண்ணாடிபோல் ஆக்கியதற்கும் அலங்காரம் காரணமில்லை. பார்க்கிறவர் ஓர் அடி நகர்ந்தாலும் ஒளி கீழிருந்து மேலே ஓடுகிறது. உலோகம் அசையவில்லை, ஆனால் மேல் நோக்கிய ஓட்டம் தெரிகிறது. அதை மற்றவர்கள் சரியாகப் படம் எடுப்பதில்லை என்று குறைப்பட்டு, தானே கேமரா வாங்கினார். வாங்க உதவி, இருட்டறை வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் புகைப்படக் கலைஞர் மேன் ரே. பிரான்குஷி எடுத்த சில படங்களில் பறவையின் உச்சி தீப்பற்றியது போல வெடித்துத் தெரியும். புகைப்படக்காரர்கள் தப்பு என்று தூக்கிப் போட்டிருக்கும் படங்கள்தான்.

1928 நவம்பர் 26 அன்று தீர்ப்பு. இயற்கைப் பொருள்களைப் போலச் செய்யாமல் அருவமான எண்ணங்களைக் காட்ட முயலும் புதிய போக்கு ஒன்று கலையில் உருவாகியிருக்கிறது. அதோடு நமக்கு ஒப்புதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படி ஒன்று இருப்பதைக் கணக்கில் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். பறவையோடு இதைச் சம்பந்தப்படுத்துவது கொஞ்சம் கஷ்டம்தான், ஆனாலும் பார்க்க இதமாக இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார்கள். வரி தள்ளுபடி. ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் 'சிற்பம்' என்ற சொல்லுக்குப் பொருள் மாறியது.

அதுவரை யாரும் கவனிக்காத ஒன்று பீடம். சிற்பத்தின் அடியில் எதையாவது வைக்க வேண்டும் என்று ஒரு பளிங்குக் கட்டியை வைப்பார்கள், அவ்வளவுதான். பிரான்குஷி தன் பீடங்களைத் தானே செதுக்கினார். பளபளக்கும் வெண்கலத்தின் கீழே முரட்டுச் சுண்ணாம்புக் கல், அதன் கீழே சிலுவை வடிவத்தில் ஒரு கட்டி, அதன் கீழே கோடாலி கொத்திய பழைய ஓக் மரம். இடம் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்ப்பார். ஒரு கட்டத்தில் எது சிற்பம், எது பீடம் என்று சொல்ல முடியாமல் போகிறது. அப்படிப் பீடமாக வந்த ஒரு வடிவம், மேலே எதையும் தாங்காமல் தனியாக எழுந்து நின்றுகொண்டது. அதுதான் 'முடிவற்ற தூண்'. 1918ல் ஓக் மரத்தில் முதல் தூண், ஆறடிக்குச் சற்று மேல்.

பெரியது வந்த கதை வேறு. ஹோபித்சாவுக்கு அருகில் உள்ள நகரம் தர்கு ஜியு. முதல் உலகப்போரில், 1916ல், அந்த நகரத்தைக் காத்து உயிர்விட்டவர்களுக்கு நினைவுச்சின்னம் வேண்டும் என்று உள்ளூர்ப் பெண்கள் சங்கம் அவரைக் கேட்டது. சங்கத் தலைவி அரேதியா ததாரெஸ்கு. துப்பாக்கி ஏந்திய வீரன் சிலை ஒன்று வரும் என்று எதிர்பார்த்திருந்தால் அதில் தப்பில்லை. அவர் கொடுத்தது ஆற்றோரத்தில் வட்டமான கல் மேசை ஒன்றும் அதைச் சுற்றி ஆசனங்களும், பூங்கா வாசலில் 'முத்த வாயில்', அங்கிருந்து நகரத்தைக் குறுக்கே தாண்டி மறுகோடியில் 29 மீட்டருக்குச் சற்று மேல் உயரமான தூண். 1938 அக்டோபர் 27ல் திறப்பு.

தூணின் கணக்கு எளிமையானது. நடுவில் புடைத்து இரு முனையும் ஒடுங்கிய ஒரு மணி. ஒடுங்கிய இடத்தில் அகலம் 45 சென்டிமீட்டர், புடைத்த இடத்தில் 90, உயரம் 180. ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் இரண்டு மடங்கு. வார்ப்பிரும்பில் செய்து, உள்ளே நிற்கும் எஃகுத் தண்டில் பாசிமணி கோப்பது போல ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார்கள். பொறியாளர் ஷ்தெஃபான் ஜார்ஜெஸ்கு-கோர்ஜான். வார்த்தது பெத்ரோஷானிப் பட்டறையில். முழு மணி பதினைந்து. அடியில் ஓர் அரை, உச்சியில் ஓர் அரை. அந்த உச்சி அரையில்தான் சூட்சுமம். முழு மணியாக மேலே ஒடுங்கி முடிந்திருந்தால் தூண் அங்கே நின்றுபோயிருக்கும். விரியும்போதே வெட்டிவிட்டதால், கண் அடுத்த பாதியைத் தானே போட்டுக்கொண்டு மேலே போகிறது. கீழே நின்று பார்க்கிறவர் தூணின் மீதியை வானத்தில் கட்டிக்கொள்கிறார். பறவை வழக்கில் குற்றமாகச் சொன்னதை இங்கே முழுசாகச் செய்துவிட்டார் என்று சொல்லலாம். அதில் உள்ள சாய்சதுர வரிசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சின்ன வயதில் அவர் பார்த்த வீட்டுத் தூண்களைத்தான் பலரும் கைகாட்டுகிறார்கள்.

கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலத்தில், 1950களில், இதெல்லாம் முதலாளித்துவக் கலை என்று டிராக்டர் கட்டி இழுத்துப் பார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. தூண் அசையவில்லையாம். 2024ல் யுனெஸ்கோ இந்த மூன்றையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இந்தியாவோடும் அவருக்கு ஒரு பாதிக் கதை உண்டு. இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர் 1930களில் அவரிடம் மூன்று பறவைகள் வாங்கினார். வெண்கலத்தில் ஒன்று, கருப்புப் பளிங்கில் ஒன்று, வெள்ளைப் பளிங்கில் ஒன்று. மூன்றையும் வைத்துத் தியானத்துக்கு ஒரு கோயில் கட்டுவது என்று பேச்சு. ஜன்னல் கிடையாது, நிலத்தடி வழியாக நுழைய வேண்டும், உள்ளே ஒரு நீர்நிலை, கூரைத் துளை வழியாக விழும் வெயில். 1937 கடைசியில் பிரான்குஷி அதற்காகவே இந்தியாவுக்கு வந்து, 1938 தொடக்கத்தில் இந்தூரில் தங்கினார். கோயில் எழும்பவில்லை, வந்தவர் திரும்பிவிட்டார். கருப்பும் வெள்ளையும் இப்போது ஆஸ்திரேலியாவில், கான்பெரா தேசியக் கலைக்கூடத்தில். அவர் சிற்பத்துக்கென்றே வெயிலை அளந்து ஒரு கட்டடம் எழுந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவ்வப்போது யோசிப்பேன்.

அதை ஓரளவு அவர் தன் பட்டறையிலேயே செய்துகொண்டார் என்றும் சொல்லலாம். பாரிஸில் இம்பாஸ் ரோன்சேன் என்ற முட்டுச்சந்தில் பல பத்தாண்டு வேலை. வெள்ளை உடை, வெள்ளைத் தாடி, வெள்ளைப் பிளாஸ்டர் தூசி. வருகிறவர்களுக்குத் தானே சமைத்துப் போடுவார். சிற்பங்களைக் குழுக் குழுவாக நிறுத்தி, இடைவெளியை அளந்து, ஒளியைப் பார்த்து மாற்றிக்கொண்டே இருப்பார். ஒன்று விலைபோனால் அந்த இடத்தில் பிளாஸ்டர் பிரதியை வைப்பார், குழு கலையக் கூடாது என்பதற்காக. வயதான காலத்தில் புதிதாகச் செய்வதைவிட இந்த அடுக்கல்தான் முக்கிய வேலையாகிவிட்டது. 1956ல் பட்டறையை அப்படியே பிரெஞ்சு அரசுக்கு எழுதிவைத்தார். 137 சிற்பங்கள், 87 பீடங்கள். பீடத்தைத் தனியாக எண்ணி எழுதிய சொத்துப் பட்டியல் வேறெந்தச் சிற்பிக்காவது உண்டா, தெரியவில்லை. பாரிஸின் நவீனக் கலைக்கூடமான பாம்பிடு மையத்துக்கு எதிரே ரென்சோ பியானோ வடிவமைத்த கட்டடத்தில் அந்தப் பட்டறையை 1997ல் மறுபடி அமைத்தார்கள்.

அவருக்குப் பின் வந்தவர்களின் பட்டியல் நீளம். 1909ல் பழகிய இத்தாலிய ஓவியர் மொடிக்லியானி அவரைப் பார்த்துத்தான் சில வருஷம் தூரிகையை வைத்துவிட்டு உளி பிடித்தார். 1927ல் அமெரிக்கச் சிற்பி இசாமு நோகுச்சி சில மாதம் உதவியாளராக இருந்து கல்லைச் செதுக்கக் கற்றுக்கொண்டார். ஐரோப்பியச் சிற்பத்தின் மேல் படர்ந்திருந்த பாசியையும் களையையும் நீக்கியவர் என்றார் ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூர். எனக்குப் பிடித்தது அமெரிக்கச் சிற்பி கார்ல் ஆந்த்ரே சொன்னது: முடிவற்ற தூணை வானத்துக்குப் பதில் தரையில் போடுகிறேன், அவ்வளவுதான். 1966ல் 137 செங்கற்களைச் சுவரிலிருந்து ஒரே வரிசையாகத் தரையில் அடுக்கி, அதைச் சிற்பம் என்றார். இது கலை என்றால் நான் கொத்தனார் என்று சொன்ன அந்த நிபுணர் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

பிரான்குஷி 1957 மார்ச் 16ல் இறந்தார். பாரிஸின் மோன்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அதே தோட்டத்தில், காதல் முறிந்து உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு ருஷ்ய மாணவியின் கல்லறை மேல், அவர் செய்த இன்னொரு முத்தம் 1911லிருந்து நிற்கிறது. இதில் இருவரும் முழு உடம்பாக, கால்வரை ஒட்டி நிற்கிறார்கள். வாங்கும்போது விலை 200 பிராங்க். ஒரு நூற்றாண்டில் மதிப்பு கோடிகளுக்குப் போய்விட்டதும், வாரிசுகள் அதைக் கழற்றி எடுத்துப்போக அனுமதி கேட்டார்கள். அரசு மறுத்தது, வழக்கு வந்தது. நடுவில் மரப்பெட்டி போட்டு மூடிவிட்டதால் போகிறவர்கள் பெட்டியைத்தான் பார்க்க முடிந்தது. இங்கேயும் நீதிமன்றத்துக்கு ஒரு சிற்பக் கேள்வி: மேலே இருக்கும் கல் தனிப் பொருளா, அடியில் இருப்பதோடு சேர்த்தியா? 2021ல் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம், சிற்பமும் அதைத் தாங்கும் கல்லும் கீழே உள்ள கல்லறையும் சேர்ந்து ஒரே அசையாச் சொத்து என்றது. பிரிக்க முடியாது.